மோட்டர் நிற்பதற்கு முதல் என்ன நடந்தது?

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யோசித்துத்தான் கூப்பிட்டார்களா தெரியவில்லை. படகு மோட்டரை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற விற்பனையாளனுக்கு அப்படி ஒன்றும் பொருத்தப்படவில்லை. வீட்டில் என் மனைவி இது பற்றி நீண்ட நாளாக முறைப்பாடு சொல்லி வருகிறாள்.

உங்களில் ஒருவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக் கேட்டார். "சேர், சின்னப் படகுக்கு நம்பக்கூடிய மோட்டர் எது?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்விக்கு நான் மூச்சு விடாமல் பதில் சொல்லுவேன். இப்போது கொஞ்சம் விஷயம் தெரியும் என்பதால் பதில் சுருங்கிவிட்டது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் கொழும்பில் வெள்ளவத்தையில் வளர்ந்தவன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் எங்கள் வீடு. எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். பிள்ளை காலில் மண் படாமல் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். காலில் மண் படாமல் பார்த்துக்கொண்டேன். படிப்புத்தான் சரிவரவில்லை. ஆங்கிலக் கையேட்டை வாசித்துத் தமிழில் சொல்லக்கூடியவன் என்ற ஒரே காரணத்துக்காகக் கொட்டாஞ்சேனையில் இந்தக் கடையில் என்னை எடுத்தார்கள். ஒரு படகில்கூட ஏறாமலே படகு மோட்டர் விற்கத் தொடங்கினேன். சமைக்கத் தெரியாதவன் சமையல் வகுப்பு நடத்தினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. ஆனால் பேச்சில் நான் சூரன். குதிரை வலு, எரிபொருள் சிக்கனம், கியர் விகிதம் என்று நான் அடுக்கும்போது கடலிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். மரியாதைக்காகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது.

முதல் தடவை படகில் ஏறிய கதையைச் சொல்கிறேன். கடைக்குக் கிட்ட இருக்கும் முகத்துவாரத்து மீனவர் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது மோட்டர் வாங்கினால் அதை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாதிரியார் சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்கி, மாலை போட்டு, அதன் பிறகுதான் கடலில் இறக்குவார்கள். ஒரு வாடிக்கையாளர் கடையின் சார்பில் என்னையும் அழைத்திருந்தார். அயர்ன் பண்ணிய சேர்ட், பொலிஷ் போட்ட சப்பாத்து என்று போய்ச் சேர்ந்தேன். மோட்டருக்குப் போட்டிருந்த மாலை நல்ல கனமானது. பூக்களுக்கு நடுவே பளபளக்கும் ஜிகினாத் தாள் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆசீர்வாதம் பெற்ற மாலையைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. கழற்றச் சொல்ல வேண்டும் என்ற அறிவு எனக்கும் இருக்கவில்லை. மோட்டருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது மாலை நன்றாக விழட்டும் என்று நான்தான் அதைக் கொஞ்சம் கீழே இழுத்தும் விட்டேன்.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் மாலை நழுவித் தண்ணீருக்குள் போனது. மோட்டரின் காலில் கடல் தண்ணீரை உறிஞ்சும் சின்ன வலை ஒன்று இருக்கிறதல்லவா, ஜிகினாத் தாள் போய் அதில் அப்பிக்கொண்டது. நல்லபடி ஓடும் மோட்டரின் பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும். அது நின்றால் மோட்டர் குளிரத் தண்ணீர் போகவில்லை, சீக்கிரம் கருகும் என்று அர்த்தம். கையேட்டில் அந்தத் தாரைக்கு நீளமான நாகரிகப் பெயர் ஒன்று உண்டு. கரையில் அதை மூத்திரம் என்பார்கள். படகுக்காரர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, மூத்திரம் நிண்டுருச்சு" என்றார். கம்பனியின் பிரதிநிதியாகிய நான் அந்த நேரம் படகின் விளிம்பில் தலையைக் கவிழ்த்து, காலையில் சாப்பிட்ட தோசையைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரே மோட்டரை நிறுத்தி, தூக்கி, தாளைப் பிய்த்து எறிந்தார். மோட்டருக்கு ஒரு சேதமும் இல்லை. சேதம் முழுக்க எனக்குத்தான். அதற்குப் பிறகு முகத்துவாரத்தில் நான் எங்கே போனாலும் 'தோசை அண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மோட்டர் பத்தியதும், அதாவது ஸ்டார்ட் ஆனதும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பின்னால் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சிரிக்கப் பிறகு நேரம் இருக்கும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். திருத்த வேலைக்கு மோட்டரைக் கொண்டுவரும் மனிதர் உங்களிடம் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவினீர்களா என்று கேட்டால், "தவறாமக் கழுவுறது" என்பார். மூடியைத் திறந்தால் உள்ளே உப்பளம் இருக்கும். கியர் எண்ணெய் மாற்றினீர்களா என்றால், "போன மாசந்தான்" என்பார். திருகாணியைக் கழற்றினால் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணீர் மாதிரி வரும். இதற்காக அவர்களைக் குறை சொல்லக் கூடாது. நான் என் சீனி வருத்த டொக்டரிடம் இதே மாதிரித்தான் பேசுகிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முகத்துவாரத்தில் இருந்து அன்ரன் என்ற மீனவரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் மோட்டர் வாங்கக் கடைக்கு வந்தார்கள். அன்ரனுக்கு நாற்பது குதிரை வலு மோட்டர் வேண்டும். காரணம், பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் அதைப் பூட்டியிருந்தார். எனக்கும் நாற்பது விற்கத்தான் விருப்பம். கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு முன்னால் நின்ற அந்த மோட்டரைப் பற்றி என் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன். ஸ்டெல்லா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் தையல் கடையில் வேலை செய்பவள். அதிகம் பேசமாட்டாள்.

நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவள் கணவனிடம், "இத ஒருக்கா தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போங்க பாப்பம்" என்றாள்.

"ஏன் இப்ப?"

"தெனமும் கரையில இருந்து வீட்டுக்கு நீங்கதானே தூக்கிட்டு வரணும். இந்தக் கடை அண்ணனா வந்து தூக்குவாரு?"

அன்ரன் தூக்கினார். வெட்கத்துக்காகத் தூக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். பாதி வழியிலேயே முகம் சிவந்து, நரம்பு புடைத்து, கீழே வைத்துவிட்டார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பி, "கடல்ல நிண்டா இத எங்க கரையில யாராச்சும் திருத்துவாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கரையில் அதை வைத்திருந்தவர் ஒரே ஒரு ஆள்தான், அவரும் அதைத் திருத்த எங்களிடம்தான் கொண்டுவந்தார். நான் விழுங்கி விழுங்கி உண்மையைச் சொன்னேன். கடைசியில் பதினைந்து குதிரை வலுவில் எளிமையான ஒரு மோட்டர் எடுத்தார்கள்.

ஆகவே, நம்பக்கூடிய மோட்டர் எது என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். படகின் பின்பலகை தாங்க வேண்டும், அவரே தூக்கிக்கொண்டு மணலில் நடக்க வேண்டும், அவர் கரையிலேயே அதைத் திருத்தத் தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும். இந்த அறிவை யாரிடமிருந்து எடுத்தேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இதையே சொந்தச் சரக்கு மாதிரி எத்தனையோ கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

மோட்டரைக் கையளித்த அன்று என் மானத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ள நினைத்து, சிவப்புக் கயிற்றைப் பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தேன். சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு மோட்டரோடு வரும். ஒரு நுனியில் சின்ன பிளாஸ்டிக் துண்டு, அது மோட்டரை நிறுத்தும் பொத்தானுக்குப் பின்னால் சொருகியிருக்கும். மறு நுனியை ஓட்டுபவர் மணிக்கட்டில் கட்ட வேண்டும். அவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு துண்டை இழுத்துக்கொண்டு போகும், மோட்டர் நின்றுவிடும். இல்லாவிட்டால் படகு அவரை விட்டுவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். கரையில் யாரும் இதைக் கட்டுவதில்லை. பழைய செருப்பில் ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் சொருகிவிட்டு, சிவப்புக் கயிற்றைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுவார்கள். அன்ரனின் பழைய மோட்டரிலும், அவர் அதை வாங்கும்போதே முந்தின சொந்தக்காரர் சொருகிய செருப்புத் துண்டுதான் இருந்தது. அது எதற்கு என்றே அவர் யோசித்ததில்லை.

"விழுந்தா மோட்டர் நிக்கும். அவ்வளவுதான். கட்டுங்கோ" என்று நானே அவர் கையில் கட்டிக் காட்டினேன். ஸ்டெல்லா பார்த்துக்கொண்டு நின்றதால் அவரும் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் என்று நான் சொன்னது பாதிதான். மற்றப் பாதியைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு சோளகக் காற்றுக் காலம் வந்தது. தெற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று கொழும்புக் கடலைக் குழப்பிவிடும். இடையில் ஓரிரண்டு நாள் அமைதியாக இருந்தால் சின்னப் படகுகள் துணிந்து போகும். அப்படி ஒரு நாள், முன்பகலில், ஸ்டெல்லா கடைக்குள் ஓடி வந்தாள். கழுத்தில் தையல் அளவு நாடா தொங்கியது. கையில் போன், ஸ்பீக்கரில் போட்டிருந்தது.

"அண்ணே, அவரு. மிசின் நிண்டுருச்சாம். பேசுங்க" என்று மேசையில் வைத்தாள்.

"அண்ணே, ஸ்டார்ட் ஆகுதில்ல" என்றார் அன்ரன். மூச்சு வாங்கியது. "இழுத்து இழுத்துக் கை விட்டுப் போச்சு."

"எங்க நிக்கிறீங்கள்?"

"ஹாபர் கல்லுக்கு வெளிய. காத்து எழும்பிருச்சு. நங்கூரம் போட்டிருக்கன், புடிக்குதில்ல. மண்ணுல இழுபட்டுக்கிட்டு வருது."

துறைமுகத்தைச் சுற்றி அலையைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டியிருக்கும் அணையைத்தான் அவர் சொன்னார். அந்தக் கல்லில் அலை மோதும்போது எழும்பும் நுரையை நீங்கள் காலிமுகத்திடலில் நின்றே பார்க்கலாம். கண்ணாடி நார்ப் படகு ஒன்று அதில் போய் விழுந்தால் முட்டை ஓடுதான். அதில் இருக்கும் மனிதனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஸ்டெல்லா கடைக்கு வருவதற்கு முதலே கரைக்கு அறிவித்துவிட்டாள். ஒரு படகு புறப்பட்டிருந்தது. ஆனால் அது எதிர்க்காற்றில் வர வேண்டும். அது வந்து சேருவதற்குள் அன்ரன் கல்லுக்குப் போய்விடுவார் என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கையேட்டின் பின்பக்கத்தை ஒப்புவித்தேன். பெற்றோல் இருக்கிறதா, தாங்கி மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாயில் உள்ள ரப்பர் பந்து இறுக்கமாக இருக்கிறதா, பிளக் நனைந்திருக்கிறதா, கழற்றித் துடைத்தாரா. அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். நான் கார்புரேற்றருக்குப் போனேன். பேசப் பேச எனக்குத் தைரியம் வந்தது. அவருக்கு வந்திருக்காது.

எங்கள் முதலாளி புறக்கோட்டையில் வியாபாரம் பழகிய முஸ்லிம் பெரியவர். மோட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதும் இல்லை. அவர் எழுந்து போய் மேலே சத்தம் போட்டுக்கொண்டிருந்த விசிறியை நிறுத்திவிட்டு வந்து, "தம்பி, நீங்க செல்றது போதும். அவரு என்ன செல்றாருண்டு கேளுங்க" என்றார்.

நான் வாயை மூடினேன். அந்தக் கடையில் எனக்கு அது புது அனுபவம்.

கேட்டபோது ஒரு விஷயம் இடித்தது. அன்ரனோடு வழக்கமாகக் கடலுக்குப் போகும் பங்காளி சைமன். அவருடைய குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "சைமன் ரப்பர் பந்தை அமத்தட்டும், அதே நேரம் நீங்கள் கயித்தை இழுங்கோ" என்றேன். போனைப் பலகையில் வைக்கும் சத்தம். பிறகு யாரோ குனியும் மூச்சு. பிறகு அதே மூச்சு திரும்பி வந்து கயிற்றை இழுத்தது.

"அமத்தினவரோ?"

"அமத்தினாரு."

"அவரிட்டப் போனைக் குடுங்கோ."

"அவரு தண்ணி எறைக்கிறாரு அண்ணே" என்றார் அன்ரன். கேள்வி முடிவதற்கு முதலே வந்த பதில் அது.

கடலால் வந்ததும் தவறாமல் கழுவுகிறவர்களின் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். மனிதன் பொய் சொல்கிறான். எனக்கு அல்ல, பக்கத்தில் நிற்பவளுக்கு. படகில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்பது விளங்கியது. அதை மறைப்பவர் இன்னும் எதையோ மறைக்கிறார் என்பதும் விளங்கியது. அந்த எதுவோதான் மோட்டரை நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போனை எடுத்து ஸ்பீக்கரை நிறுத்தினேன். "சிக்னல் காணாது, வெளியில நிண்டு கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போனேன். அதைவிட நல்ல பொய் அப்போது வாயில் வரவில்லை. தெருவில் ஒரு லொறி பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அன்ரன், ஸ்டெல்லா இப்ப பக்கத்தில இல்லை. மோட்டர் நிக்கிறதுக்கு முதல் என்ன நடந்தது?"

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"அவகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"சொல்லமாட்டன். கெதியாச் சொல்லுங்கோ."

"விழுந்துட்டன் அண்ணே. சைமனுக்குக் காய்ச்சல், தனியத்தான் வந்தன். மிசின் ஓடிக்கிட்டு இருக்கையில எழும்பி நிண்டன். ஒரு அல, தூக்கிப் போட்டுருச்சு. எப்பிடியோ நீந்தி வந்து ஏறிட்டன். போன் படகுக்குள்ள இருந்ததால தப்பிருச்சு. ஏறிப் பாத்தா மிசின் நிக்கிது. உள்ளுக்குத் தண்ணி போயிருச்சு போல."

"கையில கட்டின சிவப்புக் கயிறு எங்கை?"

"அது தண்ணிக்குள்ள கழண்டு போயிருச்சு."

கடை வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கயிறு இல்லாவிட்டால் படகு ஓடியிருக்கும், அன்ரன் கடலில் தலை மட்டும் தெரிய நின்றிருப்பார். அதே கயிறு போய்விட்டதால்தான் இப்போது மோட்டர் ஸ்டார்ட் ஆகாமல் காற்று அவரைக் கல்லை நோக்கிக் கொண்டுபோகிறது. விழுந்தால் மோட்டர் நிற்கும் என்று சொன்னவன் நான். அந்தப் பிளாஸ்டிக் துண்டு திரும்பச் சொருகப்படும்வரை மோட்டர் ஸ்டார்ட் ஆகாது என்று சொல்லாதவனும் நான். பிளக்கைத் துடை, பந்தை அமத்து என்று அந்த மனிதனின் கடைசிப் பலத்தையும் வீணாக்கிக்கொண்டிருந்தேன்.

"மோட்டருக்கு ஒண்டும் இல்லை" என்றேன். "நிப்பாட்டுற பொத்தானுக்குப் பின்னால இருந்த துண்டு போயிட்டுது, அவ்வளவுதான். உங்கடை செருப்பில ஒரு துண்டு வெட்டி அதில சொருகுங்கோ."

"கடலுக்கு யாரு அண்ணே செருப்பு போட்டுக்கிட்டு வாறது?"

பொலிஷ் போட்ட சப்பாத்தோடு போனவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். "அப்ப தங்கூசி இருக்கோ?" என்று கேட்டேன். மீன் பிடிக்கும் நைலோன் நூலை அப்படித்தான் சொல்வது.

"மீன் புடிக்க வந்தவன்கிட்ட தங்கூசி இருக்கான்னு கேக்குறீங்க" என்றார். அந்த நிலையிலும் அந்த மனிதனுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது என்றால் பாருங்கள்.

"பொத்தானை வெளியால இழுத்துப் பிடிச்சு, அதின்ரை கழுத்தில இறுக்கிச் சுத்துங்கோ. தடிப்பாச் சுத்துங்கோ. பொத்தான் உள்ளுக்குப் போகக் கூடாது."

போனை வைத்துவிட்டுச் சுற்றினார். நான் தெருவில் நின்று காத்திருந்தேன். அலைச் சத்தம் முன்பைவிடக் கனமாகக் கேட்டது. தண்ணீரில் அடிக்கும் அலை ஒரு மாதிரி ஒலிக்கும், கல்லில் அடிக்கும் அலை வேறு மாதிரி. கடல் தெரியாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது. கயிறு இழுபட்டது. பிடிக்கவில்லை. திரும்ப இழுபட்டது. மோட்டர் ஒரு இருமல் இருமி, நின்று, அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. நான் அவ்வளவு காலம் விற்ற மோட்டர்களில் எதன் சத்தமும் எனக்கு அப்படி இனித்ததில்லை. அன்ரன் ஏதோ கத்தினார். நங்கூரக் கயிற்றை வெட்டுகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. அதோடு லைன் போய்விட்டது. திரும்ப எடுத்தேன், போகவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலில் நின்றுபோன மனிதர் கூப்பிட்டால் மோட்டருக்கு என்ன என்று கேட்காதீர்கள். அது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் உங்களைக் கூப்பிட மாட்டார். மோட்டர் நிற்பதற்கு முதல் அவருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். அதையும் அவர் வெட்கமில்லாமல் பதில் சொல்லக்கூடிய இடத்தில் வைத்துக் கேளுங்கள். இந்தக் கடையில் இப்போது ஒவ்வொரு மோட்டரோடும் இரண்டாவது பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மூடிக்குள் கட்டி அனுப்புவது என் ஏற்பாடு. அதைக் கழற்றிக் காட்டி, திரும்பப் பூட்டவைத்து, வாடிக்கையாளர் கையாலேயே பத்தவைத்துத்தான் அனுப்ப வேண்டும். சும்மா பேசி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நான் உதாரணம்.

போனோடு உள்ளே போனேன். ஸ்டெல்லா வாடிக்கையாளர் கதிரையில் இருந்தாள், இரண்டு கையாலும் அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு. படகு தப்பிவிட்டதா என்று எனக்கே தெரியாது. ஆறுதலுக்காக ஒன்றைச் சொல்ல நாக்கு வரை வந்தது. முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"மோட்டர் ஸ்டார்ட் ஆயிட்டுது. காதால கேட்டனான். அதுக்குப் பிறகு லைன் போயிட்டுது. வாங்கோ, கரைக்குப் போவம்."

அவள் எழுந்தாள். முதலாளி ஒரு ஓட்டோவை மறித்துத் தந்தார். வழி முழுக்க நான் மோட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். பயம் வந்தால் நான் அப்படித்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னாள். கையில் தையல் நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

கரையில் சனம் நின்றது. கொஞ்ச நேரம் கடலில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு இரண்டு படகுகள் தெரிந்தன. உதவிக்குப் போன படகு பின்னால் வந்தது. முன்னால் அன்ரனின் படகு, தன் சொந்த மோட்டரில், பின்னால் மெல்லிய தண்ணீர்த் தாரை அடித்தபடி வந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்று என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

படகு மணலில் ஏறியது. அதில் சைமன் இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள், ஸ்டெல்லாவும் பார்த்தாள். அவள் கிட்டப் போய் அன்ரனின் சேர்ட்டில் உள்ளங்கையை வைத்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அல அடிச்சுருச்சு" என்றார் அன்ரன்.

"ம்" என்றாள். தன் துப்பட்டாவால் அவர் தலையைத் துவட்டிவிட்டாள். அவர் படகை இழுக்கப் போனதும் நான் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"அவரு கடல்ல விழுந்தாருதானே?"

"அது வந்து, சிக்னல் கொஞ்சம் சரியில்லை, எனக்கு வடிவா விளங்கேல்லை" என்று இழுத்தேன்.

"கடைக்குள்ள சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "மிசின்ல பிழைன்னா எனக்கு முன்னாலயே உங்கள ஏசியிருப்பாரு. ஏசாம ஓம் ஓம்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்பவே தெரியும், என்னமோ ஒளிக்கிறாருன்னு."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. "அப்ப நான் போனோட வெளியில போனநேரம் நீங்கள் ஏன் பின்னால வரேல்லை?"

அவள் படகுப் பக்கம் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"வந்திருந்தா உங்ககிட்டயும் பொய்தான் சொல்லியிருப்பாரு. பொய் சொல்லிக்கிட்டே கல்லுல போய் மோதியிருப்பாரு. அதான் கதிரைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். எழும்பாம இருக்கிறது லேசில்ல அண்ணே."